பசிக்காத வயிற்றுக்குச் சமைப்பது எப்படி?

தம்பிக்கு எடை குறைப்பதற்கான இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து, குமரி மாவட்டம் கருங்கல் ஊரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அடுக்களை என் பொறுப்பு. நீங்களும் இப்படி ஒருவருக்குச் சமைக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் தட்டைத் தள்ளி வைப்பது வீம்பு இல்லை, உங்கள் கைப்பக்குவத்தின் குறையும் இல்லை.

இரைப்பை சின்னதானது பாதிக் கதைதான். சாப்பாடு இப்போது இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் தொடாமல் சீக்கிரமே கீழ்க்குடலுக்குப் போய்விடுகிறது. அங்கே ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்கள் முன்பைவிட அதிகமாகச் சுரந்து, போதும் என்று மூளைக்குச் சொல்லிவிடுகின்றன. இரைப்பையைக் குழாய் போலக் குறுக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குப் பசியைத் தூண்டும் கிரெலின் குறைந்துவிடும். அது அதிகம் சுரக்கும் மேல்பகுதியையே வெட்டி எடுத்துவிடுகிறார்களே!

அதனால் பசிக்கிறதா என்று கேட்டுப் பரிமாறாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமாவது சேர வேண்டும். மென்மையான உணவு தொடங்கலாம் என்று டயட்டீஷியன் சொன்னதும் நான் எடுத்தது அயலை மீன். தேங்காயும் மிளகாய் வத்தலும் குறைத்துக் குழம்பு வைத்து, முள்ளெடுத்து, விரலால் உதிர்த்து, சாறு விட்டு ஈரமாகவே கொடுப்பேன். வறுத்த மீன் நெஞ்சில் அடைத்துக்கொள்ளும். டீஸ்பூனால், கூழாகும்வரை மென்று சாப்பிட வேண்டும். விக்கல் வந்தாலோ மூக்கில் நீர் வடிந்தாலோ அத்தோடு நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ஒரு வாய் தின்னு மக்களே" என்று அம்மா வருவார். அவரைச் சமாளிப்பதும் உங்கள் வேலைதான். சாப்பிட்டு அரை மணி நேரம் தண்ணீர் கூடாது.

வரிசை முக்கியம். முதலில் மீன், அப்புறம் காய், இடம் இருந்தால் கடைசியில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. கிழங்குக்குத் தொட்டுக்கொள்ளத்தான் மீன் என்று வளர்ந்த நமக்கு இது கஷ்டம்தான்.

கல்யாண வீட்டுப் பிரதமன் பாயசமும் அக்கானி என்கிற பதநீரும் இவர்களுக்கு ஆகாது. இனிப்பு குடலுக்குள் சட்டென்று இறங்கினால் அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை தாழ்ந்துபோகும். ஜிஎல்பி-1 தூண்டிவிட்ட இன்சுலின் தேவைக்கு மேல் சுரந்துவிடுவதுதான் காரணம்.

நீரிழிவு இருப்பவர்களுக்கு இதே ஹார்மோன் நல்லதும் செய்கிறது. தம்பிக்கு எடை இறங்கும் முன்பே சர்க்கரை இறங்கத் தொடங்கிவிட்டது. ஆகவே பழைய அளவில் மாத்திரையோ இன்சுலினோ தொடரக் கூடாது. குளுக்கோமீட்டரில் பார்த்த அளவுகளை எழுதிவைத்து டாக்டரிடம் காட்டி மாற்ற வேண்டும். இப்போது எடை குறைக்கப் போடும் செமாகுளுடைடு ஊசியும் இந்த ஜிஎல்பி-1 மாதிரிதான் வேலை செய்கிறது.

ஒரு வருடம் போனபின் பசி கொஞ்சம் திரும்பலாம், பயப்பட வேண்டாம். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.