ஆர்.சி. பெட்ரோல் டிரக்: சைலன்சர் குழாயை டியூன் செய்வது எப்படி?

புதுக் குழாயை மாட்டுவது பாதி வேலைதான். அதன் நீளத்தை உங்கள் இன்ஜினுக்கு ஏற்ப அமைப்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. நிஜ வண்டியில் ஐந்தில் ஒரு பங்கு (1/5) அளவுள்ள ஆர்.சி. டிரக்குகளில், அதாவது ரிமோட்டில் ஓடும் டிரக்குகளில் வரும் 23 முதல் 32 சிசி வரையிலான டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜினை மனதில் வைத்து எழுதுகிறேன்.

குழாய்க்குள் நடப்பது

டூ ஸ்ட்ரோக்கில் புகைவாசலைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டன்தான். வாசல் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்திலிருந்து அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி, எரிந்த புகையை வெளியே இழுக்கிறது. பின்னால் குறுகும் இடத்தில் மோதித் திரும்பும் அலையோ, புகையோடு சேர்ந்து வெளியேறிய புதுக் கலவையை வாசல் மூடுவதற்குள் சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. குழாய் நீளமாக இருந்தால் அலை தாமதமாகத் திரும்பும், குறைந்த ஆர்.பி.எம்.மில் இழுவை கிடைக்கும். குட்டையாக இருந்தால் உச்ச வேகத்தில்தான் பலன் தெரியும்.

மாட்டுவது

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பழைய சைலன்சரைக் கழற்றுங்கள். கேஸ்கெட் (புகை கசியாமல் தடுக்கும் தகடு) புதிதாக இருக்கட்டும். போல்ட்டுகளுக்கு அதிக வெப்பம் தாங்கும் திரெட்லாக்கர் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) போடுங்கள், அதிர்வில் முதலில் கழல்வது இவைதான். ஹெடரும் (இன்ஜினோடு பொருந்தும் முன்குழாய்) குழாயும் சிலிகான் இணைப்புக்குள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கவேண்டும். இடைவெளி விட்டால் சூடான புகை பட்டு சிலிகான் கருகிவிடும்.

முதலில் கார்பரேட்டர்

குழாய் மாறினால் இன்ஜின் கேட்கும் பெட்ரோல் அளவும் மாறும். ஆகவே ஓட்டுவதற்கு முன்பே கார்பரேட்டரின் எச் திருகை (உச்ச வேகத்துக்கான பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பது) அரைக்கால் சுற்று (எட்டில் ஒரு பங்கு) கடிகார திசைக்கு எதிராகத் திறந்துவிடுங்கள். ஆயில் பெட்ரோலில் கலந்தே வருவதால், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். திறந்தவெளியில் முழு வேகத்தில் ஓட்டி, உடனே இன்ஜினை நிறுத்தி, ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் சரி. வெளுத்திருந்தால் திருகை இன்னும் திறக்கவேண்டும். கறுத்து ஈரமாக இருந்தால் துளி மூடலாம்.

இனி நீளம்

எப்போதும் நீளமான ஹெடரிலிருந்தே தொடங்குங்கள். வெட்டியதை ஒட்டவைக்க முடியாது. இன்ஜினிலிருந்து ஹெடரைக் கழற்றிய பிறகே அறுக்கவேண்டும். ஒரு பொடி இரும்புத்தூள் உள்ளே போனாலும் சிலிண்டர் சுவர் கீறிவிடும். ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டர் போதும். வெட்டிய விளிம்பை அரத்தால் மழமழப்பாக்கி, கழுவி, மறுபடி மாட்டுங்கள்.

ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் அதே இடம், அதே கியர், அதே பெட்ரோல் கலவையில் ஓட்டிப் பாருங்கள். குழாய் நன்றாகச் சூடேறிய பிறகே முடிவு செய்யுங்கள், சூடான புகையில் அலை வேகமாக ஓடும், குளிர்ந்த குழாய் உங்களை ஏமாற்றும். பிளக்கையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இழுவை நன்றாக இருந்து உச்சத்தில் மட்டும் மூச்சு திணறினால் இன்னும் கொஞ்சம் வெட்டலாம். புறப்படும்போது சோர்ந்து, திடீரென்று பாய்ந்தால் அளவு தாண்டிவிட்டது. இணைப்புக்குள் ஹெடர் அளவுக்கே ஒரு உலோக வளையம் வைத்து நீளத்தை மீட்டுக்கொள்ளலாம். மணலிலும் மேட்டிலும் ஓடும் டிரக்குக்கு சற்று நீளமான குழாயே என் தேர்வு.

வால்முனைத் துளையைப் பெரிதாக்கவோ அடைக்கவோ வேண்டாம். அடைத்தால் சூடு ஏறும், பெரிதாக்கினால் திரும்பும் அழுத்தம் போய்விடும். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு, ஆறிய நிலையில், எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.