ஸ்லைடர் ஆமை முட்டையை இன்குபேட்டர்ல வைக்கிறது எப்படி: எந்த டெம்பரேச்சர்ல ஆண், எந்த டெம்பரேச்சர்ல பெண்

வீட்ல ரெட் இயர்ட் ஸ்லைடர் வளர்க்கிறீங்க, அது முட்டை போட்டுடுச்சு, இல்ல போடப்போற மாதிரி இருக்கு, அடுத்து என்ன பண்றதுன்னு தெரியல. அப்படிப்பட்டவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. நான் இருக்கிறது டெக்சாஸ்ல, இந்த ஆமைக்குச் சொந்த ஊரே இந்தப் பக்கம்தான், மிசிசிப்பி ஆத்துப் படுகை பூரா ஏரி குளம்னு எங்க பாத்தாலும் மரக்கட்டை மேல ஏறி வெயில் காஞ்சுக்கிட்டு இருக்கும்.

தொட்டி, ஃபில்டர், யூவி லைட் பத்தியெல்லாம் இங்க சொல்லல, ஆமை வளர்க்கிறவங்களுக்கு அது ஏற்கனவே தெரிஞ்சிருக்கும்.

தமிழ்நாட்ல இருந்து படிக்கிறவங்க ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. குளத்தோரத்துலயோ வயல்லயோ கிடைக்கிற நம்ம ஊர் ஆமை முட்டையைத் தோண்டி எடுத்து இதைச் செஞ்சு பாக்காதீங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். முட்டை அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்.

முட்டைக்கு முன்னாடி

டெம்பரேச்சரோட வேலை முட்டையில ஆரம்பிக்கல, அப்பா அம்மாகிட்டயே ஆரம்பிக்குது. பெண்ணுக்குள்ள முட்டைக்கான மஞ்சள் கரு இலையுதிர் காலத்துலயே சேர ஆரம்பிச்சுடும், நடுவுல குளிர்ல வேகம் குறைஞ்சு வசந்தத்துல திரும்ப வளரும். ஆணுக்கு விந்து உண்டாகுறது முக்கியமா கோடையில, அதைச் சேத்து வச்சு அடுத்த வசந்தத்துல பயன்படுத்தும். வருஷம் பூரா ஒரே சூட்டுல தொட்டி வச்சிருந்தா இந்தத் தாளம் கலைஞ்சு போக வாய்ப்பு இருக்கு, அதனால குளிர்காலத்துல தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா சில டிகிரி இறக்கிட்டு வசந்தத்துல திரும்ப ஏத்துறது நல்லது. ஹீட்டரைப் பட்டுனு ஆஃப் பண்ணிடாதீங்க.

ஜோடி தயாரா இல்லையான்னு பாத்தாலே தெரியும். ஆண் தன்னோட முன்னங்கால் நீள நகத்தைப் பெண்ணோட முகத்துக்கு நேரா நீட்டி படபடன்னு அதிர வைக்கும், பின்பக்கமா நீந்திக்கிட்டே இதைச் செய்யும், பாக்க அவ்ளோ அழகா இருக்கும். பெண் விந்தைச் சேத்து வச்சுக்கும், அதனால ஆணைப் பிரிச்சு வச்சு மாசக்கணக்கானாலும் கரு உள்ள முட்டை வரலாம்.

ஸ்டெப் 1: முட்டையை எடுக்கிறது

பெண் தரைக்கு வந்து பின்னங்காலால குழி தோண்டும், மண்ணு காஞ்சிருந்தா சிறுநீர் விட்டு ஈரமாக்கிக்கும், போட்டு முடிச்சு மூடிட்டுப் போயிடும். அது போனதும் தோண்டி எடுக்கணும். எடுக்கும்போது முட்டை எந்தப் பக்கம் மேல இருக்கோ அதுலயே மெதுவா பென்சில்ல ஒரு புள்ளி வைங்க. கரு மேல் பக்கத்து ஓட்டுச் சவ்வுல ஒட்டிக்கும், அதுக்கப்புறம் திருப்பினா செத்துப்போகலாம். கோழி முட்டையைத் திருப்பித் திருப்பி வச்ச பழக்கம் இருக்கிறவங்க இதுல ரொம்பவே கவனமா இருக்கணும். மார்க்கர் பேனா வேண்டாம், பென்சில் போதும்.

ஒரு நாள் ரெண்டு நாள்ல மேல சுண்ணாம்பு தடவின மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு வந்து அப்படியே பரவும். வந்தா கரு இருக்குன்னு அர்த்தம். வராத முட்டையையும் உடனே தூக்கிப் போடாதீங்க, சிலது லேட்டா காட்டும்.

ஸ்டெப் 2: டப்பா

முட்டையை மூடி போட்ட ஒரு டப்பாவுல வச்சு, அந்த டப்பாவைத்தான் இன்குபேட்டர் உள்ள வைக்கணும். டப்பாவுல போட என்னோட சாய்ஸ் வெர்மிகுலைட், அதாவது செடி நடுறவங்க பயன்படுத்துற, ஈரம் பிடிச்சு வச்சுக்கிற கனிமத் துகள். மணல் வேண்டாம், எவ்ளோ ஈரம் இருக்குன்னு கையால கணிக்கவே முடியாது. வெர்மிகுலைட்டும் தண்ணியும் சம எடை, கிச்சன் தராசுல நிறுத்துப் போடுங்க, கப்புல அளக்காதீங்க. ஸ்லைடர் முட்டை ஓடு தோல் மாதிரி கொஞ்சம் நெகிழும், அது சுத்தி இருக்கிற ஈரத்தை உறிஞ்சித்தான் வளரும், காஞ்சா குழி விழும். முட்டையைப் பாதி புதைச்சு வைங்க. மூடியில ரெண்டு மூணு சின்ன ஓட்டை போதும்.

ஸ்டெப் 3: எந்த டெம்பரேச்சர்

மனுஷங்களுக்கு எக்ஸ் ஒய் குரோமோசோம் முடிவு பண்ற வேலையை இந்த ஆமைக்கு முட்டைக்கு வெளிய இருக்கிற சூடு முடிவு பண்ணுது. 26 டிகிரி செல்சியஸ்ல வச்சா எல்லாமே ஆண். 31-ல எல்லாமே பெண். கிட்டத்தட்ட 28-க்கும் 30.5-க்கும் நடுவுல ரெண்டும் கலந்து வரும், பாதிக்குப் பாதி வர்ற இடம் 29-ஐக் கொஞ்சம் தாண்டி இருக்கு. வெறும் அஞ்சு டிகிரிதான் வித்தியாசம்!

பொரியிற நாளும் மாறும், 26-ல ரெண்டரை மாசம் கிட்ட ஆகும், 31-ல ரெண்டு மாசத்துக்குள்ள முடிஞ்சுடும். 33, 34-னு போனா கரு சாகும், இல்ல ஓடு கோணலா வரும், அந்தப் பக்கமே போகாதீங்க.

எப்படி நடக்குதுன்னு கேட்டா, 2018-ல சயின்ஸ் இதழ்ல வந்த ஆராய்ச்சி இந்த ஸ்லைடர்லதான் செஞ்சது. கேடிஎம்6பி-ன்னு ஒரு ஜீன், குளிர்ந்த டெம்பரேச்சர்ல அது நல்லா வேலை செஞ்சு விந்தகத்தை உருவாக்குற பாதையைத் திறந்து விடுது. 26 டிகிரியிலயே அந்த ஜீனை அடக்கினப்ப பெரும்பாலான கரு பெண்ணா மாறிடுச்சு. 2020-ல அதே வரிசையில அடுத்த கட்டுரை, சூடு ஏறும்போது ஸ்டாட்3-ன்னு ஒரு புரதம் முடுக்கப்பட்டு கேடிஎம்6பி-யை அடக்குதுன்னு காட்டினாங்க. ஒரு முட்டைக்குள்ள இவ்ளோ நடக்குதுன்னு தெரிஞ்சப்புறம் அந்த டப்பாவைத் திறக்கவே ஒரு மரியாதை வந்துடும்.

ஸ்டெப் 4: முட்டை பக்கத்துல என்ன டெம்பரேச்சர்?

இங்கதான் எனக்கு நிறைய நாள் போச்சு, உங்களுக்கும் போகும், அதனால இதை நிதானமா படிங்க.

இன்குபேட்டர் டிஸ்ப்ளேல 29 காட்டுறது அதோட சென்சார் இருக்கிற இடத்து டெம்பரேச்சர், அவ்ளோதான். ஃபேன் இல்லாத தெர்மோகோல் இன்குபேட்டர்ல மேல ஒரு சூடு, கீழ ஒரு சூடு, என்னோடதுல ஒரு டிகிரிக்கு மேல வித்தியாசம் இருந்துச்சு. அதோட ஈர வெர்மிகுலைட்ல இருந்து தண்ணி ஆவியாகுறதால முட்டை இருக்கிற இடம் காத்தை விடக் குளிர்ச்சியாவும் இருக்கும். மொத்தக் கதையும் அஞ்சு டிகிரிக்குள்ள நடக்கும்போது ஒரு டிகிரி தப்புன்னா நீங்க பெண்ணுன்னு நினைச்சு வச்சது பாதிக்குப் பாதி வந்து நிக்கும்.

அதனால தனியா ஒரு புரோப் தெர்மாமீட்டர் (ஒயர் நுனியில சென்சார் இருக்கிறது) வாங்கி, புரோப் நுனியை வெர்மிகுலைட்டுக்குள்ள முட்டை ஆழத்துக்கு, முட்டையைத் தொடாம பக்கத்துல சொருகுங்க. அந்தப் புரோப் சரியா காட்டுதான்னும் பாக்கணும். ஐஸை நல்லா நுணுக்கி டம்ளர் நிறைய போட்டு, இடைவெளி நிரம்புற அளவுக்கு மட்டும் தண்ணி ஊத்தி, கலக்கி வச்சா 0 காட்டணும். ஆனா நமக்குத் தேவை 29 பக்கம், 0-ல சரியா இருந்தா அங்கயும் சரியா இருக்கும்னு இல்ல. அதுக்கு வீட்ல காய்ச்சல் பாக்குற டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். வெதுவெதுப்பான தண்ணியை 36 பக்கம் கொண்டுவந்து புரோபையும் காய்ச்சல் தெர்மாமீட்டரையும் ஒண்ணா முக்கி வித்தியாசத்தை எழுதி வைங்க. காய்ச்சல் தெர்மாமீட்டர் பொதுவா 32-க்குக் கீழ காட்டாது, அதான் 36-னு சொல்றேன். 36-ல உங்க புரோப் 0.6 கூடக் காட்டினா 29-லயும் கிட்டத்தட்ட அந்த அளவு கூடக் காட்டும்னு எடுத்துக்கலாம்.

தெர்மோஸ்டாட் விஷயத்துல என் கருத்து: ஆன் ஆஃப் வகையை விட, கரன்ட்டைக் கூட்டிக் குறைச்சு ஓட்டுற புரொபோர்ஷனல் வகைக்குக் காசு செலவு பண்ணுங்க. முடியலன்னா இன்குபேட்டர் உள்ள தண்ணி நிரப்பின பாட்டில் ரெண்டு மூணு வைங்க, டெம்பரேச்சர் ஏறி இறங்குறதைத் தண்ணி தாங்கிப் பிடிக்கும்.

ஸ்டெப் 5: நடுப் பகுதியைக் காவல் காக்கிறது

கரு வளர்ற காலத்தை மூணாப் பிரிச்சா, ஆணா பெண்ணான்னு முடிவாகுறது நடுவுல இருக்கிற பங்குலதான். முதல் வாரத்துல ஒரு நாள் சூடு கூடிப்போச்சேன்னு பதற வேண்டாம். அந்த நடுப் பங்குல ரெண்டு மூணு நாள் விடாம கூடினா அது முக்கியம்.

இன்னொண்ணு. சராசரி டெம்பரேச்சரை நம்பாதீங்க. பகல்ல 12 மணி நேரம் 31, ராத்திரி 12 மணி நேரம் 25, சராசரி 28, அப்ப நிறைய ஆண் வரும்னுதான் தோணும். ஆனா கரு சூட்டுல வேகமா வளரும், குளிர்ல மெதுவா வளரும். கணக்குக்கு 15 டிகிரிக்குக் கீழ வளர்ச்சியே இல்ல, அதுக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் மணிக்கு ஒரு பங்கு வளர்ச்சின்னு வச்சுக்கோங்க. ராத்திரி 12 பெருக்கல் 10, அதாவது 120 பங்கு வளர்ச்சி. பகல்ல 12 பெருக்கல் 16, 192 பங்கு. மொத்தம் 312, அதுல பாதி 156. ராத்திரி வளர்ச்சி மொத்தத்தையும் சேத்தாலும் 156-ஐத் தொடல, ஆக அந்தக் கருவோட பெரும்பகுதி வளர்ச்சி 31 டிகிரியில நடந்திருக்கு. பெண் பக்கம்தான் சாயும். இந்த யோசனையை 1980-கள் கடைசியில முன்வச்சவர் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் ஆர்தர் ஜார்ஜஸ். திறந்தவெளிக் கூட்டுல முட்டையை விட்டு வைக்கிறவங்க லாகர்ல (டெம்பரேச்சரைத் தானே பதிவு பண்ற கருவி) வர்ற எண்ணை இப்படித்தான் படிக்கணும்.

இதே காரணத்தாலதான் காட்டுல இருக்கிற ஆமைங்களை நினைச்சா கவலையா இருக்கு. இல்லினாய்ஸ் பக்கம் மிசிசிப்பி கரையில பெயின்டட் ஆமையைப் பல வருஷம் தொடர்ந்து பாத்த ஆராய்ச்சியாளர் ஃப்ரெட் ஜான்சன், அந்தந்த வருஷ ஜூலை மாச வெப்பத்துக்கும் குஞ்சுகள்ல ஆண் பெண் விகிதத்துக்கும் நேரடி தொடர்பு இருக்குன்னு 1994-லயே எழுதினார். ஜூலை சராசரி நாலு டிகிரி கூடினா ஆண் குஞ்சே இல்லாம போகும்னும் சொன்னார். நம்ம டப்பாவுல பட்டனை அமுக்கி இறக்கிக்கலாம், ஆத்தங்கரையில எந்தப் பட்டனும் கிடையாது.

ஸ்டெப் 6: பொரியிறப்ப

மூக்கு நுனியில இருக்கிற சின்ன முட்டைப் பல்லால ஓட்டைக் கிழிச்சுட்டு குஞ்சு அப்படியே ஒரு நாள் உக்காந்திருக்கும். இழுக்காதீங்க. வயித்துல மஞ்சள் கருப் பை ஒட்டியிருக்கும், அது உள்ள போறவரைக்கும் ஈரமான டிஷ்யூ மேல விடுங்க.

ஆணா பெண்ணான்னு உடனே தெரியாது. வயித்து ஓடு 10 சென்டிமீட்டர் பக்கம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும், ஆணா இருந்தா முன் நகம் நீளும், வால் தடிக்கும். இங்க அமெரிக்காவுல ஓடு 4 இஞ்சுக்குக் கீழ இருக்கிற ஆமையை விக்கிறது சால்மொனெல்லா காரணமா 1975-ல இருந்து தடை. ஆக எத்தனை குஞ்சுக்கு இடம் இருக்கோ அத்தனை முட்டை மட்டும் வைங்க. எந்த ஊரா இருந்தாலும் ஏரியில கொண்டுபோய் விட்டுடாதீங்க, இந்த ஆமை போன இடத்துலயெல்லாம் அந்த ஊர் ஆமையோட வெயில் காயுற இடத்தையும் தீனியையும் புடிச்சுக்குது.

அப்டேட்: பாலாமைக்கும் இதே கணக்கான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இல்ல. பாலாமை மென் ஓட்டு ஆமைக் குடும்பம், அந்தக் குடும்பத்துல ஆணா பெண்ணான்னு முடிவாகுறது குரோமோசோம்லதான். எல்லா ஆமைக்கும் ஒரே விதியும் கிடையாது, அமெரிக்க ஸ்னாப்பிங் ஆமைக்கு ரொம்பக் குளிர்ந்தாலும் பெண், ரொம்பச் சூடானாலும் பெண், நடுவுலதான் ஆண்.

அப்டேட் 2: சென்னையில ஸ்லைடர் வளர்க்கிற ஒரு தங்கச்சி, தெர்மோஸ்டாட்ல 28 வச்சும் மே மாசம் புரோப் 34 காட்டுதுன்னு பயந்து எழுதியிருந்தாங்க. மிஷின்ல கோளாறு இல்லம்மா, இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. ரூம் டெம்பரேச்சர் நமக்கு வேண்டியதை விட ரெண்டு மூணு டிகிரியாவது கம்மியா இருந்தாத்தான் அது வேலை செய்யும். ஏசி ரூம்ல 25 வச்சு அங்க கொண்டுபோய் வைங்க, காத்து நேரா அடிக்காத மூலையா பாத்து. கரன்ட் போனா இன்குபேட்டரைத் திறக்காம மேல ஒரு போர்வை போட்டு விடுங்க, சில மணி நேரம் குளிர்ந்தா வளர்ச்சி மெதுவாகும், வேற ஒண்ணும் ஆகாது. ஆனா ரூமே 34-ல கொதிக்கும்போது கரன்ட் போச்சுன்னா போர்வை போடக்கூடாது, டப்பாவை வெளிய எடுத்து, முட்டை உருளாம, வீட்லயே குளிர்ச்சியான தரையில வைங்க.