மேற்கு ஜெர்மனி பூச்சாடிகள்: சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

1950கள் முதல் 1970கள் வரை மேற்கு ஜெர்மனியின் பீங்கான், மண்பாண்டத் தொழிற்சாலைகள் பூச்சாடிகளை மலை மலையாகச் செய்து பல நாடுகளுக்கும் அனுப்பின. ஆரஞ்சு, பழுப்பு, கறுப்பு நிறங்களில், எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்ததுபோல் மேற்பரப்பு கொண்ட ஜாடிகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். சேகரிப்பாளர்கள் அவற்றை 'ஃபேட் லாவா' என்பார்கள். அந்தக் காலகட்டத்துப் பீங்கானில் இறங்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. நிறையக் கிடைக்கின்றன, சிறியவை இன்னும் கைக்கெட்டும் விலையில் இருக்கின்றன, எல்லாவற்றையும்விட முக்கியமாக, பெரும்பாலானவற்றின் அடியில் எண் இருக்கிறது.

படி 1: கவிழ்த்துப் பாருங்கள்

புதியவர்கள் நிறத்தில் மயங்கி வாங்கிவிடுகிறார்கள். ஜாடியை முதலில் கவிழ்த்து அடியைப் படிக்கப் பழகுங்கள். '517-30 டபிள்யூ. ஜெர்மனி' என்று அச்சிலேயே பதிந்திருந்தால், 517 என்பது வடிவத்தின் எண், 30 என்பது உயரம், செ.மீ. கணக்கில். மைன் ஆற்றங்கரைக் கிளைன்ஹொய்பாக்கில் இருந்த ஷோய்ரிஷ் நிறுவனத்தின் வழக்கமான முறை இது. வெஸ்டர்வால்ட் பகுதியின் ரான்ஸ்பாக்-பாவும்பாக்கில் இருந்த பாய் கெராமிக் பெரும்பாலும் இரண்டு இலக்க வடிவ எண்ணும் அதையடுத்து உயரமும் போடும். ரைன்பாக்கின் ருஷா ஜாடிகளில் 313 என்ற எண் புகழ்பெற்றது. கூர்ட் செர்னர் 1954இல் வடிவமைத்த கைப்பிடி ஜாடி அது. பல ஆண்டுகள், பல அலங்காரங்களில் வெளிவந்தது.

'டபிள்யூ. ஜெர்மனி' என்பதை வைத்து ஆண்டைக் கணக்கிடாதீர்கள். மேற்கு ஜெர்மனி என்ற நாடு 1949 முதல் 1990 வரை இருந்தது, அந்த முத்திரையால் அவ்வளவுதான் சொல்ல முடியும். காலத்தை நெருங்க வடிவமும் நிறமும் உதவும். வளைந்து நெளிந்த உருவம், கறுப்பு, வெளிர் மஞ்சள், கையால் கீறிய கோடுகள் என்றால் பெரும்பாலும் ஐம்பதுகள். நேரான உருளை உடல், தடித்த ஆரஞ்சு லாவா என்றால் அறுபதுகளின் பிற்பகுதியோ எழுபதுகளோ.

விற்பவர்கள் கண்ணில் படும் எல்லாவற்றையும் 'ஷோய்ரிஷ்' என்று போட்டுவிடுவார்கள். எண்ணின் அமைப்பு பொருந்தாவிட்டால் பெயரை நம்ப வேண்டாம்.

படி 2: முதுகெலும்பு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே வடிவத்தைப் பல கிளேஸ்களில், அதாவது சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மேற்பூச்சுகளில், சேர்ப்பது தொடக்கத்துக்கு மிக நல்ல வழி. அந்த வடிவமே தொகுப்பின் முதுகெலும்பு. இந்த ஜாடிகள் சக்கரத்தில் வனையப்பட்டவை அல்ல. கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் நீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் படியும். போதுமான தடிமன் வந்ததும் மீதியைக் கவிழ்த்து ஊற்றிவிடுவார்கள். ஒரே அச்சில் வந்த ஜாடிகளுக்குத் தொழிற்சாலை வெவ்வேறு கிளேஸ் பூசியது. எனவே ஒரே எண்ணில் ஐந்தாறு ஜாடிகளை வரிசையாக வைத்தால், எது வடிவத்தின் அழகு, எது கிளேஸின் வேலை என்று கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும்.

15 முதல் 22 செ.மீ. உயரத்தில் தொடங்குங்கள். 40 செ.மீ.க்கு மேற்பட்ட தரை ஜாடிகள் கவர்ச்சியானவைதான், ஆனால் ஜாடியின் விலையை அனுப்பும் செலவு தாண்டிவிடும். வழியில் உடையும் வாய்ப்பும் அதிகம்.

ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு வார இறுதி ஃப்ளோமார்க்ட் என்ற பழம்பொருள் சந்தைகளும் கிளைன்ஆன்சைகன் என்ற இணைய விளம்பரத் தளமும் போதும். மற்ற நாட்டவர்களுக்கு ஈபே, எட்ஸி.

படி 3: வாங்கும் முன் சோதனை

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது.

லாவா கிளேஸில் சிலிக்கான் கார்பைடு கலந்திருப்பார்கள். சூளையில் அது வினைபுரிந்து வாயுவை விடும். குமிழ்கள் வெடித்த இடம், குழம்பு தடிப்பாக இருப்பதால் மூடிக்கொள்ளாமல் பள்ளமாகவே இறுகிவிடும். ஆகவே பள்ளம் குறையல்ல. பள்ளத்துக்குள்ளும் கிளேஸ் பளபளத்து, விளிம்பு உருண்டிருந்தால் சூளையிலேயே ஆனது. உள்ளே வெறும் களிமண் தெரிந்து, விளிம்பு விரலில் கூராக உறுத்தினால் பிற்பாடு பெயர்ந்தது. பழைய உடைசலில் அழுக்கு ஏறிக் கறுத்திருக்கும், புதியது பளிச்சென்று இருக்கும்.

அடுத்து வாய். டேப்பால் உயரத்தை அளந்து, அடியிலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். அரை செ.மீ., ஒரு செ.மீ. வித்தியாசம் இயல்பு. எண் 30 என்று சொல்ல, ஜாடி 28 இருந்தால் வாயை உற்றுப் பாருங்கள். உடைந்த விளிம்பைத் தேய்த்துச் சமன்படுத்தியிருக்கலாம். அப்படித் தேய்த்த விளிம்பு தட்டையாக, கிளேஸ் இல்லாமல், சாக்பீஸைத் தொடுவதுபோல் இருக்கும்.

உள்ளங்கையில் நிறுத்தி விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுங்கள். விரிசல் இருந்தால் ஓசை அடைபட்டு, லேசாக அதிரும். தடித்த லாவா ஜாடிகள் இயல்பாகவே மந்தமாக ஒலிக்கும் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. ஈரத் துணியால் துடைத்துச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் நீரை உறிஞ்சி, மெல்லிய கருங்கோடாகத் தெரியும். கைப்பிடி உடலோடு சேரும் இரண்டு இடங்களிலும் அடியின் ஓரத்திலும்தான் இது அதிகம்.

ஒட்டிப் பூசிய இடங்களைக் கண்டுபிடிக்க 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் வாங்குங்கள். இருட்டில் காட்டினால் பசையும் பெயின்டும் சுற்றியுள்ள கிளேஸிலிருந்து வேறு நிறத்தில் ஒளிரும்.

ஆன்லைனில் வாங்கும்போது அடி, வாய், உட்புறம், கைப்பிடி இணைப்பு ஆகிய நான்கு படங்களைக் கேளுங்கள். தர மறுக்கும் விற்பனையாளரை விட்டுவிடுங்கள். இன்னொன்று வரும்.

படி 4: கழுவுதல்

பிளாஸ்டிக் தொட்டியில் துண்டை விரித்து, வெதுவெதுப்பான நீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் பள்ளங்களைத் தேயுங்கள். ஊற வைக்காதீர்கள். அடியில் கிளேஸ் இல்லாத களிமண் நீரை உறிஞ்சும். அதோடு அழுக்கும் ஏறிக் கிளேஸுக்குக் கீழே கறையாக நின்றுவிடும். வெள்ளி, தங்க நிற ஃபாயில் லேபிள் இருந்தால் நனையவே கூடாது. நிறுவனத்தை உறுதிசெய்ய அதைவிட நல்ல சான்று கிடைக்காது, விலையும் அதனால் கூடும்.

உள்ளே உப்புநீர்ப் படிவு வெள்ளையாக இருந்தால், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து, உட்புறத்தில் மட்டும் அரை மணி நேரம் விட்டு, பலமுறை அலசுங்கள். வெளிப்புற ஆரஞ்சு, சிவப்பு கிளேஸில் அமிலம் படக் கூடாது. அந்தக் கால ஆரஞ்சு, சிவப்பு கிளேஸ்களில் காட்மியம் இருக்கலாம். அதே காரணத்தால் உணவோ குடிநீரோ இவற்றில் வைக்கக் கூடாது. பிளீச் அறவே வேண்டாம். களிமண்ணுக்குள் தங்கும் அதன் உப்பு, காய்ந்து படிகமாகும்போது கிளேஸை உள்ளிருந்து தள்ளிப் பெயர்த்துவிடும்.

கழுவியபின் சாய்த்து வைத்து இரண்டு நாள் காய விடுங்கள். பிறகு உலர்ந்த பூக்களை வைக்கலாம். தண்ணீர் ஊற்றினால் சில ஜாடிகள் அடியில் கசிந்து மேசையைக் கெடுக்கும்.

படி 5: வைப்பதும் எழுதுவதும்

பொருள்களை அலமாரியில் ஒட்டி நிறுத்தும் மெழுகான மியூசியம் வேக்ஸை மிளகளவு உருட்டி அடியில் மூன்று இடங்களில் ஒட்டி அழுத்தினால் அலமாரியில் நகராது. ஒல்லியான உயர ஜாடிக்குள் உலர்ந்த மணலைப் பையில் கட்டிப் போடலாம். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி வைக்க வேண்டாம்.

ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் கொடுத்து, கிளேஸ் இல்லாத அடியில் 2பி பென்சிலால் எழுதுங்கள். ஸ்டிக்கரின் பசை களிமண்ணில் ஊறிவிடும், பேனா அழியாது. நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே நிறுவனம், வடிவ எண், அளந்த உயரம், களிமண்ணின் நிறம், குறைகள், அனுப்பும் செலவு சேர்த்த விலை ஆகியவற்றைக் குறியுங்கள். களிமண்ணின் நிறத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முத்திரை இல்லாத ஜாடியை அடையாளம் காணப் பின்னாளில் பெரும்பாலும் அதுதான் கைகொடுக்கும்.

வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும். சுங்கத்துறை அட்டவணையில் தொல்பொருள் என்றால் 100 ஆண்டுக்கு மேற்பட்டது. இந்த ஜாடிகள் அதில் வராது, சாதாரணப் பீங்கான் பொருளாகவே தீர்வை போடப்படும். விற்பவரிடம் இரட்டைப் பெட்டி கேளுங்கள்: ஜாடியின் உட்புறத்தையும் கைப்பிடி வளையத்தையும் காகிதத்தால் நிரப்பி, குமிழ் உறையில் சுற்றி, முதல் பெட்டிக்கும் வெளிப் பெட்டிக்கும் இடையே எல்லாப் பக்கமும் 5 செ.மீ. நிரப்பு இருக்க வேண்டும்.