சக்கர நாற்காலிகளும் ஒரு 3டி பிரிண்டரும்: லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் தொழில்முனைவில் சறுக்கும் இடங்கள்

முதலில் ஒரு குழு போடுவார்கள். குழு கூடி, தரைத்தளத்தில் யாரும் எட்டிப் பார்க்காத ஓர் அறையைக் கண்டுபிடிக்கும். சுவருக்கு ஆரஞ்சு வண்ணம், எழுதி அழிக்கிற வெள்ளைப் பலகை, சக்கரம் வைத்த நாற்காலிகள், மூலையில் ஒரு 3டி பிரிண்டர். திறப்பு விழாவில் ‘புத்தாக்கம்’ என்ற சொல் பத்துத் தடவையாவது காதில் விழும். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பிரிண்டர் சாவிக்கொத்துப் பொம்மை செய்துகொண்டிருக்கும், இல்லாவிட்டால் உறைபோட்டு மூடியிருப்பார்கள். நாற்காலிகள் மட்டும் பக்கத்து வகுப்பறையில் நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும்.

இலக்கியமும் வரலாறும் தத்துவமும் இயற்பியலும் ஓவியமும் ஒரே கூரையின்கீழ் நடக்கிற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள், மாணவர்களிடம் தொழில்முனைவை வளர்க்கக் கிளம்பும்போது பலமுறை இப்படித்தான் தொடங்குகின்றன. காரணம் எளிது. அறை கண்ணுக்குத் தெரியும். நன்கொடை கொடுத்தவர் பெயரைக் கதவில் பொறிக்கலாம். ஒரு மாணவி மூன்று வாரம் அலைந்து ஒரு சிக்கலை ஒழுங்காகப் புரிந்துகொண்டாள் என்பதை எந்தக் கதவில் பொறிப்பது?

அறைக்கு முன் ஆட்களைத் தேடியிருக்க வேண்டும். எந்தக் கல்லூரியிலும் எதையாவது ஏற்கெனவே நடத்திக்கொண்டிருக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒருவன் கட்டுரைகளைத் திருத்திக்கொடுத்துக் காசு வாங்குகிறான். ஒருத்தி நாடகக் குழுவின் டிக்கெட் கணக்கைத் தனியாளாகப் பார்க்கிறாள். இவர்கள் யாரும் தங்களைத் தொழில்முனைவோர் என்று சொல்லிக்கொள்வதில்லை. அந்தப் பெயர்ப்பலகை மாட்டிய கூட்டத்துக்கும் வரமாட்டார்கள். இவர்களுக்குத் தேவை அறை அல்ல. கேட்ட வாரத்திலேயே கிடைக்கிற ஒரு சிறு தொகை, கணக்குவழக்கு தெரிந்த ஒருவரின் ஒரு மணி நேரம், ‘செய்து பார்’ என்று கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஓர் ஆசிரியர். இவ்வளவும் ஒரு பிரிண்டரின் செலவுக்குள் அடங்கிவிடும்.

தன் பாடத்தைத் தானே குறைத்து மதிப்பிடுவது

எனக்குப் பெரிதாகப் படுவது இந்தத் தவறுதான். மற்றவை இதிலிருந்து கிளைத்தவை. லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி தன்னை ஒரு குட்டி வணிகப் பள்ளியாகவோ பொறியியல் கல்லூரியின் நிழலாகவோ மாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. வணிகத் திட்டம் எழுதும் பயிலரங்கு, முதலீட்டாளர் மொழி, ஐந்தாண்டு வருவாய்க் கணிப்பு என்று எல்லாமே இரவல். சமூகவியல் மாணவி அங்கே வந்து உட்கார்ந்ததும், தான் படித்தது எதற்கும் உதவாது என்ற எண்ணத்தோடு திரும்பிப் போகிறாள்.

நிலைமை நேர்மாறானது. புதிய முயற்சிகள் கவிழ்வதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம் தொழில்நுட்பக் கோளாறு அல்ல. செய்த பொருள் யாருக்கும் வேண்டாததாக இருப்பது. அதாவது மனிதர்களைத் தவறாகப் படித்தது. மனிதர்களையும் பிரதிகளையும் காலத்தையும் படிக்கப் பழக்குவதுதான் இந்தக் கல்லூரிகளின் அன்றாட வேலை.

ஒரு சின்ன உதாரணம். ஆப் செய்ய நினைக்கும் மாணவர்கள் முதலில் ஓர் ஆன்லைன் படிவத்தைச் சுற்றுக்கு விடுவார்கள்: “இப்படி ஓர் ஆப் இருந்தால் பயன்படுத்துவீர்களா?” நூறு பேரில் தொண்ணூறு பேர் ஆமாம் என்பார்கள். ஆமாம் என்று சொல்ல அவர்களுக்கு ஒன்றும் செலவில்லையே. மானிடவியலில் களப்பணி செய்து பழகியவர் அப்படிக் கேட்கமாட்டார். “கடைசியாக இந்தத் தொல்லை எப்போது வந்தது? அன்று என்ன செய்தீர்கள்? அதற்கு எவ்வளவு நேரம் போனது? பிறகு யாரிடம் போனீர்கள்?” என்று நடந்ததைக் கேட்பார், சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் குறித்துக்கொள்வார். முதல் கேள்வி கேட்பவர் தன் ஐடியாவுக்கு ஆதரவு திரட்டுகிறார். இரண்டாமவருக்குத்தான் தகவல் கிடைக்கிறது.

1976இல் வங்கதேசத்தின் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்துக்கொண்டிருந்த முகமது யூனுஸ் செய்ததும் இந்த வகைதான். பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஜோப்ரா கிராமத்தில் மூங்கில் முக்காலி பின்னும் பெண்கள் நாள் முழுக்க உழைத்தும் ஏன் ஏழைகளாகவே இருக்கிறார்கள் என்று கேட்டுப் போனார். மூங்கில் வாங்கக் கடன் தருபவரே முக்காலியைத் தான் சொல்லும் விலைக்கு வாங்கிக்கொள்கிறார் என்பது தெரிந்தது. கிராமத்தில் இப்படிச் சிக்கியிருந்த 42 பேருக்கும் சேர்த்துத் தேவைப்பட்ட தொகை 27 டாலர். அதைத் தன் பையிலிருந்தே கொடுத்தார். 1983இல் ஏழைகளுக்குச் சிறு கடன் தரும் கிராமீன் வங்கி ஆனதற்கு இதுதான் தொடக்கப்புள்ளி. பின்னாளில் நுண்கடன்மீது எழுந்த விமர்சனங்கள் தனிக் கதை. இங்கே கவனிக்க வேண்டியது வரிசைமுறை: முதலில் கேள்வி, பிறகு நடை, பிறகு மிகச் சிறிய சோதனை. நிறுவனம் ஏழாண்டு கழித்து வந்தது.

இதோடு ஒட்டிய ஒரு சாக்கு உண்டு: “எங்களிடம் கோடிங் தெரிந்த ஆள் இல்லை.” பெரும்பாலான ஐடியாக்களின் முதல் சோதனைக்கு ஆள் தேவையில்லை, ஒரு நோட்டுப் புத்தகமும் தொலைபேசியும் போதும். வீட்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி தளத்தைத் தொடங்கிய மூவரில் இருவர் ரோட் ஐலண்ட் வடிவமைப்புக் கல்லூரியில் படித்தவர்கள். 2007இல் தங்கள் வீட்டுக் கூடத்தில் காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு, ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டதுதான் அவர்களின் முதல் சோதனை. பொறியாளர் பிறகு வந்து சேர்ந்தார். 2009இல் நியூயார்க்கில் வியாபாரம் மந்தமாக இருந்தபோது அவர்கள் தளத்தின் நிரலைத் தோண்டவில்லை. வீடுவீடாகப் போய் உரிமையாளர்களோடு பேசி, நல்ல படங்கள் எடுத்துக் கொடுத்தார்கள்.

இங்கே இன்னொரு பொறியும் இருக்கிறது. ஸ்டீவ் ஜாப்ஸ் ரீட் கல்லூரியில் எழுத்தணிக் கலை படித்தார், அதிலிருந்துதான் ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினியின் அழகிய எழுத்துருக்கள் வந்தன என்ற கதையைக் கையேட்டில் அச்சிடாத லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி குறைவு. ஆனால் அவர் ஆறே மாதத்தில் படிப்பை விட்டவர்; விட்ட பிறகுதான் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தார். எழுத்தணி படித்த மற்றவர்கள் ஆப்பிளைத் தொடங்கவில்லை. அந்தக் கதையில் ஒரு கல்லூரி கற்கக் கூடியது வேறு: கட்டணம் கட்டாதவன், பட்டியலில் பெயர் இல்லாதவன் வகுப்பில் உட்கார்ந்தபோது யாரும் எழுந்து போ என்று சொல்லவில்லை. உங்கள் கல்லூரியில் வேதியியல் மாணவன் ஒருவன் கிரெடிட் இல்லாமல் ஓவிய வகுப்பில் போய் உட்கார முடியுமா? அதற்கு எத்தனை கையெழுத்து வேண்டும்?

பிட்ச் போட்டியோடு நிறுத்திவிடுவது

ஐடியாவை மேடையில் விளக்கிப் பரிசு வாங்கும் பிட்ச் போட்டி ஆண்டுக்கொன்று, மூன்று நிமிடப் பேச்சு, பெரிய அட்டையில் அச்சிட்ட காசோலை. இப்படி ஒரு நடுவர் வரிசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். நன்றாகப் பேசிய அணிக்கு மதிப்பெண் போட்டேன். மறு ஆண்டு விசாரித்தால், பரிசு வாங்கிய மறுவாரமே அந்த அணி கலைந்திருந்தது. முந்தைய ஆண்டு நான்காவது இடத்தில் விட்ட, மேடையில் திக்கித் திணறிய பையன் மட்டும் அதே வேலையை இன்னும் செய்துகொண்டிருந்தான். மூன்று நிமிடத்தில் நாங்கள் அளந்தது மேடைப் பேச்சை.

போட்டியை ஒழிக்க வேண்டியதில்லை. விழாவுக்கு அது நல்லது. பணத்தை அதில் கட்டிப்போடாமல் இருந்தால் போதும். பணத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் முன் ஒரே கேள்வி கேட்கலாம்: சென்ற தடவை வந்ததிலிருந்து யாரிடம் பேசினாய், அதனால் எதை மாற்றினாய்? எதையும் மாற்றவில்லை என்று சொல்லும் அணி அநேகமாக யாரிடமும் பேசியிருக்காது.

எதிர்க்கும் பேராசிரியரை வெளியே நிறுத்துவது

எல்லாக் கல்லூரியிலும் ஒருவர் இருப்பார். ‘கல்லூரியைக் கடைத்தெரு ஆக்குகிறீர்கள்’ என்று கூட்டத்தில் எழுந்து சொல்வார். அவரைச் சுற்றிக்கொண்டு போவதுதான் வழக்கம். அது நட்டம். ‘இது யாருக்கு நல்லது, யார் தலையில் விடியும்?’ என்று விடாமல் கேட்கக்கூடிய ஆள் அந்த வளாகத்தில் அவர்தான். மாணவர்களின் திட்டங்களை ஆண்டுக்கு இரண்டு முறை அவர் முன் வைத்துப் பாருங்கள். எந்த முதலீட்டாளரும் கேட்காத கேள்விகள் வரும். தரவு யாருடையது, வேலை இழப்பவர் யார், இலவசம் என்றால் விலை கொடுப்பது யார் என்பவை தத்துவ வகுப்பில் ஏற்கெனவே புழங்கும் கேள்விகள்தாம்.

ஆதரிக்கும் ஆசிரியரின் நிலையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மாலையில் மாணவர்களோடு உட்காரும் நேரம் அவருடைய பணிச்சுமைக் கணக்கில் வராது. பதவி உயர்விலும் வராது. மூன்றாவது ஆண்டில் அவர் களைத்துப்போகிறார், அல்லது வேறு கல்லூரிக்குப் போகிறார். அதோடு எல்லாம் முடிந்தது.

யாருடையது என்று எழுதிவைக்காமல் தொடங்குவது

அமெரிக்காவின் மிசோரி பல்கலைக்கழகத்தில் இதழியல் பள்ளி நடத்திய ஒரு போட்டிக்காக, 2009 வாக்கில், இளநிலை மாணவர்கள் சிலர் வாடகை வீடு தேட உதவும் ஐபோன் ஆப் ஒன்றைச் செய்தார்கள். அது பரவலாகப் பதிவிறக்கப்பட்டதும், நிறுவனத்தில் 25 சதவீதப் பங்கும் லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும் என்று பல்கலைக்கழகம் கேட்டது. பிறகு கோரிக்கையைக் கைவிட்டு, மாணவர்களின் சொந்தப் படைப்பு மாணவர்களுக்கே என்று விதியைத் தெளிவாக எழுதிவைத்தது. விதி முதலில் வந்திருந்தால் அந்தத் தலைவலி இருவருக்குமே இருந்திருக்காது.

சிறிய கல்லூரிகளில் இப்படி ஒரு விதி எழுதப்படாமலே கிடப்பது சாதாரணம். வகுப்புப் பணிக்காகச் செய்தது, கல்லூரிப் பணத்தில் செய்தது, ஆசிரியரின் ஆய்வில் உதவியாளராக இருந்து செய்தது ஆகிய மூன்றும் வெவ்வேறு நிலைகள். மூன்றுக்கும் தலா ஒரு பத்தி, மாணவருக்குப் புரியும் மொழியில் இருந்தால் போதும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் ஒரு வழக்கறிஞர் அதைப் பார்த்துவிட வேண்டும். வெளிநாட்டு மாணவர்கள் இருந்தால், சொந்தத் தொழில் நடத்த அவர்களின் விசா இடம் தருகிறதா என்பதையும் கேட்டுவிடுவது நல்லது.

நண்பர்களுக்கிடையே இன்னொரு காகிதம் தேவை. இருவர் ஆளுக்குப் பாதி என்று தொடங்குகிறார்கள். பட்டம் வாங்கியதும் ஒருத்தி மேற்படிப்புக்குப் போய்விடுகிறாள். பாதிப் பங்கு அவளிடமே தங்கிவிடுகிறது. மீதி இருப்பவன் இனி எத்தனை ஆண்டு உழைத்தாலும் அதில் பாதி அவளுக்கு. இதைத் தவிர்க்கத்தான் பங்கு ஒரே நாளில் சேராமல் நான்கு ஆண்டில் படிப்படியாகச் சேரும்படியும், முதல் ஆண்டு முடியும்முன் விலகினால் ஒன்றும் இல்லை என்றும் ஸ்டார்ட்அப் உலகில் எழுதிக்கொள்கிறார்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதினால் அரை மணி நேர வேலை.

கம்பெனிகளை எண்ணுவது

ஆண்டறிக்கையில் ‘இத்தனை ஸ்டார்ட்அப்கள் உருவாயின’ என்று ஒரு எண் வேண்டும். அந்த எண்ணுக்காகவே பதிவுசெய்து, அறிக்கை அச்சானதும் செத்துப்போகும் கம்பெனிகள் உண்டு.

நெதர்லாந்தில் ஒரு கல்லூரியின் மாணவர் குறுநிறுவனத் திட்டத்தை ஊஸ்டர்பீக், வான் பிராக், ஐசெல்ஸ்டெய்ன் ஆகிய மூவர் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். திட்டத்தால் தொழில்முனைவுத் திறன்கள் குறிப்பிடும்படி கூடவில்லை. தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்திருந்தது. திட்டம் தோற்றது என்று இதை வாசிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வருடம் செய்துபார்த்து ‘இது எனக்கு ஒத்துவராது’ என்று இருபது வயதில் தெரிந்துகொள்வது, கடன் வாங்கி நாற்பதில் தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல். திறன்கள் கூடவில்லை என்பதுதான் கவலைப்பட வேண்டிய பாதி.

அமெரிக்கத் தரவை வைத்து அசூலே, ஜோன்ஸ், கிம், மிராண்டா நால்வர் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்றான நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. இருபதில் கல்லூரியில் விதைப்பது இருபத்தைந்து ஆண்டு கழித்துக்கூட முளைக்கலாம் என்றால், இந்த ஆண்டறிக்கையில் எதை எண்ணுவது? வகுப்புக்கு வெளியே எத்தனை பேர் எத்தனை அந்நியர்களோடு பேசினார்கள், எத்தனை அணிகள் முதல் எண்ணத்தைக் கைவிட்டு வேறு திசையில் போயின, எத்தனை துறைகளிலிருந்து ஆள் வந்தார்கள் என்பவற்றை எண்ணலாம். படமெடுத்துப் போட அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

‘தோல்வியைக் கொண்டாடு’ என்பது

இந்த வாசகத்தைச் சுவரில் எழுதுபவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். விடுமுறையில் வேலைக்குப் போனால்தான் அடுத்த செமஸ்டர் கட்டணம் கட்ட முடியும் என்ற நிலையில் இருக்கும் மாணவிக்குத் தோல்வி கொண்டாட்டம் ஆகாது. ஊதியமில்லாத கோடைக்கால முகாமுக்கு அவள் விண்ணப்பிக்கவே மாட்டாள். ‘ஆர்வம் இல்லை’ என்று கல்லூரி எழுதிக்கொள்ளும். அவள் விடுகிற கூலிக்கு ஈடாக ஒரு உதவித்தொகை இல்லாத திட்டம், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காக முடியும்.

தொழில்முனைவு ஆய்வாளர் சரஸ் சரஸ்வதி அனுபவம் மிக்க 27 தொழில்முனைவோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தபோது, அவர்கள் எவ்வளவு லாபம் வரும் என்ற கணிப்பிலிருந்து தொடங்குவதில்லை, எவ்வளவு போனால் தாங்கும் என்பதிலிருந்து தொடங்குகிறார்கள் என்று கண்டார். மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள கணக்கு வேறு கிடையாது என்பேன். ஐந்தாண்டு வருவாய்க் கணிப்பை எழுதச் சொல்லும் விண்ணப்பப் படிவத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மூன்றே வரி வையுங்கள்: எத்தனை மணி நேரம் போனால் பரவாயில்லை, எவ்வளவு பணம் போனால் பரவாயில்லை, எந்தத் தேதியில் நிறுத்திப் பார்ப்பேன். மாணவர் நிரப்பியதும், இரண்டாவது வரியில் எவ்வளவைக் கல்லூரி தன் தலையில் ஏற்றுக்கொள்கிறது என்று டீன் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திட இடம் விடுங்கள்.