ஒரே சர்வீஸ், மூன்று கிளை
தி.நகர், வேளச்சேரி, தாம்பரம் என மூன்று கிளைக்கும் ஒரே லினக்ஸ் சர்வரில் பில்லிங் புரோகிராம் ஓட வேண்டுமா? புரோகிராமை எப்படித் தொடங்க வேண்டும் என்று சொல்லும் சர்வீஸ் ஃபைலை மூன்று காப்பி எடுக்காதீர்கள். ஒன்றைத் திருத்தும்போது மற்ற இரண்டும் விட்டுப்போகும்.

லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிப்பது சிஸ்டம்டி. அதன் ஃபோல்டரில் ‘பில்லிங்@.சர்வீஸ்’ என்ற ஒரே டெம்ப்ளேட் போதும். @ குறிக்கும் புள்ளிக்கும் நடுவே எதுவும் வேண்டாம். ஸ்டார்ட் செய்யும்போது கிளையின் பெயர் அங்கே வந்து உட்காரும்: பில்லிங்@வேளச்சேரி. ஃபைலுக்குள் அந்தப் பெயர் வர வேண்டிய இடத்தில் % குறியும் ஆங்கிலச் சின்ன ‘ஐ’ (i) எழுத்தும் போடுங்கள். செட்டிங் ஃபைல் எங்கே என்று சொல்லும் என்விரான்மென்ட்ஃபைல் வரியில் இதைப் போட்டால் ஒவ்வொரு கிளையும் தன் செட்டிங்கை எடுத்துக்கொள்ளும்: வேளச்சேரிக்கு போர்ட் (புரோகிராம் இணைப்புகளை ஏற்கும் எண்) 8001, தாம்பரத்துக்கு 8002. பெரிய ‘ஐ’ (I) போட்டுவிட்டால் ஹைஃபன் சாய்கோடாக மாறும். ‘தி-நகர்’ ‘தி/நகர்’ ஆகி, ஃபைலே கிடைக்காது.

சர்வீஸ் ஃபைலைத் திருத்தியதும், சிஸ்டம்டி அதை மறுபடி படிக்க டீமன்-ரீலோட், பிறகு ரீஸ்டார்ட்.

இரண்டு கிளைக்கு ஒரே போர்ட் கொடுத்தால் பின்னால் வருவது எழும்பாது. நின்றால் தானாக மறுபடி தொடங்கச் சொல்லும் ‘ரீஸ்டார்ட் ஆல்வேஸ்’ இருந்தாலும், வழக்கமான செட்டிங்கில் 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கிப் பார்த்துவிட்டு சிஸ்டம்டி கைவிட்டுவிடும். போர்ட்டை மாற்றி, தோல்விக் கணக்கை அழிக்க ரீசெட்-ஃபெயில்டு கொடுத்து, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து ரீஸ்டார்ட் செய்ய, மேற்கோள் குறிக்குள் ‘பில்லிங்@*’. நட்சத்திரக் குறி ஏற்கெனவே லோட் ஆனவற்றை மட்டுமே பிடிக்கும். அதனால் முதல் முறை ஒவ்வொரு கிளையையும் பெயர் சொல்லித்தான் எனேபிள் செய்து (சர்வர் பூட் ஆகும்போது தானாகத் தொடங்க), ஸ்டார்ட்டும் செய்ய வேண்டும்.