குதிரைக்குக் காயம்: அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஒரு குதிரைக்கு மார்பில் ஒரு முழத்துக்குத் தோல் கிழிந்து தொங்குகிறது. இன்னொன்றுக்குப் பின்னங்கால் மூட்டருகே சின்னத் துளை, இரண்டு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். முதலாவதைப் பார்த்துத்தான் பலரும் பதறுவார்கள். ஆனால் மார்பில் தசையும் ரத்த ஓட்டமும் தாராளம். தையல் போட்டால் பெரும்பாலும் ஆறிவிடும். உயிருக்கு உலை வைப்பது அந்தச் சின்னத் துளையாக இருக்கலாம்.

காரணம், அது மூட்டுக்குள்ளோ தசைநாண் உறைக்குள்ளோ இறங்கியிருக்கக்கூடும். உள்ளிருக்கும் நீர் துளை வழியே கசிந்துகொண்டிருக்கும் வரை குதிரை சாதாரணமாகவே நடக்கும். துளை அடைபட்டதும் உள்ளே அழுத்தம் ஏறி, திடீரென்று காலை ஊன்ற முடியாமல் நின்றுவிடும். "நொண்டவில்லையே, நாளைக்குப் பார்க்கலாம்" என்பதுதான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்த தவறு. மஞ்சளாக, விரலில் நூல்போல இழுபடும் நீர் வந்தால் அது மூட்டு நீராக இருக்கலாம். மருத்துவர் காயத்துக்கு எட்டத்தில் ஊசி குத்தி மூட்டுக்குள் உப்புநீர் செலுத்திப் பார்ப்பார். அது காயத்தின் வழியே வெளிவந்தால் சந்தேகம் தீர்ந்தது. மூட்டைக் கழுவும் சிகிச்சை முதல் 24 மணி நேரத்துக்குள் நடந்தால் நல்லது.

குளம்பில் ஆணி ஏறியிருந்தால் உடனே பிடுங்கத்தான் கை பரபரக்கும். பிடுங்கிவிட்டால் துளை மூடிக்கொள்ளும். எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் போனது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆணியோடு எக்ஸ்ரே எடுப்பதே முறை. மருத்துவர் வரும்வரை ஆணி இன்னும் உள்ளே ஏறாதபடி குளம்புக்கு முட்டுக் கொடுத்துக் கட்டுங்கள். வேறு வழியே இல்லாமல் எடுக்க நேர்ந்தால் இடத்தைக் குறித்து, படம் பிடித்து, ஆணியையும் பத்திரமாக வையுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த நோய் குதிரையை மிக எளிதில் பிடிக்கும்.

கழுவும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம். நுரைப்பதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும், சரி. ஆனால் புதிதாக முளைக்கும் செல்களையும் அது கொன்றுவிடும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு 9 கிராம் உப்பு போதும். பொவிடோன் அயோடின் என்றால் வெளிறிய தேநீர் நிறத்துக்கு நீர்க்கச் செய்யுங்கள். மருத்துவர் பார்க்கும் முன் பொடி, களிம்பு எதையும் அப்பாதீர்கள். தொங்கும் தோலை வெட்டவும் கூடாது. காய்ந்துபோனாலும் அது அடிப்புண்ணுக்குப் போர்வை.

முழங்காலுக்குக் கீழே உள்ள புண் தனிக் கதை. அங்கே தசை இல்லை, அசைவு ஓயாது, ரத்த ஓட்டமும் குறைவு. முதல் இரண்டு வாரம் புண் பெரிதாவதுபோலவே தெரியும், பயப்பட வேண்டாம். அப்புறம் சதை மேலே துருத்தி வளரும், தோல் அதைத் தாண்டி மூட முடியாமல் நின்றுவிடும். இதை மயில்துத்தம் போட்டுக் கருக்குபவர்கள் ஓரத்தில் வளரும் புதுத்தோலையும் சேர்த்தே கருக்குகிறார்கள். அந்தச் சதையில் நரம்பு இல்லை. மருத்துவர் சீவி எடுத்தால் வலிக்காது, ரத்தம் மட்டும் நிறைய வரும். கட்டுப் போடும்போது பஞ்சு அடுக்கு குறையக் கூடாது. பஞ்சில்லாமல் இறுக்கிய கட்டு தசைநாணையே கெடுத்துவிடும்.

அறுவைக்குப் பிறகு வேறு வகைத் தவறுகள். விதையடித்துக் காயத்தைத் திறந்தே விட்டிருந்தால், பரிதாபப்பட்டு லாயத்தில் கட்டிப்போடக் கூடாது. மருத்துவர் சொன்ன நாளிலிருந்து நடத்தினால்தான் நீர் வடியும், வீக்கம் வற்றும். ரத்தம் எண்ணக்கூடிய சொட்டுகளாக விழுந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். எண்ண முடியாமல் ஒழுகினால் உடனே அழையுங்கள். குடல் எட்டிப் பார்த்தால் ஈரமான சுத்தத் துணியில் ஏந்திப் பிடியுங்கள், குதிரையை நடத்தாதீர்கள். எந்த அறுவையானாலும் தினமும் வெப்பநிலை பாருங்கள்: 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தகவல் சொல்ல வேண்டும். சாணம் குறைந்தாலும் அப்படியே. மயக்க மருந்துக்குப் பிறகு குடல் மந்தமாகிச் சாணம் அடைத்துக்கொள்வதுண்டு.

கடைசியாக, அடிபடாத மறுகாலை மறந்துவிடுகிறோம். 2006-ல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் வென்ற பார்பரோ என்ற குதிரை, இரண்டு வாரத்தில் அடுத்த பந்தயத்தில் வலது பின்னங்காலை முறித்துக்கொண்டது. அறுவைக்குப் பின் அந்தக் கால் தேறிவந்தபோது, பாரம் முழுவதையும் தாங்கிய இடது பின்னங்குளம்பில் லாமினைட்டிஸ் (குளம்புக்குள் இருக்கும் திசு அழற்சி) வந்தது. 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்தார்கள். ஆகவே கட்டுப் போட்ட காலைப் பார்த்த கையோடு மறுகாலின் குளம்பையும் தொடுங்கள். சூடாக இருக்கிறதா, குளம்புக்கு மேலே நாடி பலமாகத் துடிக்கிறதா, குதிரை அந்தக் காலையும் மாற்றி மாற்றி வைக்கிறதா என்று தினமும் பாருங்கள்.