தாம்பரத்தில் ஒருவர் கைதானாரா? பொதுப் பதிவுகளில் தேடிப் பார்க்கும் முறை

தம்மைச் சேர்ந்த ஒருவரைக் காவலர்கள் அழைத்துச் சென்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டவுடன் பெரும்பாலானோர் கைப்பேசியில் அவருடைய பெயரைத் தட்டித் தேடத் தொடங்குகிறார்கள். நம் ஊரில் அது பயன் தருவதில்லை. கைதானவர்களைப் பெயர் வாரியாகத் தேடித் தரும் ஒரே பதிவேடு இங்கே இல்லை. கைது பற்றிய செய்தி காவல் நிலையத்தின் பலகையிலும், முதல் தகவல் அறிக்கையிலும் (எஃப்.ஐ.ஆர்.), நீதிமன்றப் பதிவிலும் பிரிந்து கிடக்கிறது. இவற்றை இணைக்கும் கயிறு, முதல் தகவல் அறிக்கைக்குக் காவல் நிலையம் தரும் குற்ற எண் ஒன்றுதான். அதைக் கண்டுபிடிப்பது எப்படி, கண்டுபிடித்தபின் எங்கே பார்ப்பது என்பதைத் தாம்பரம் மாநகரை வைத்து விளக்குகிறேன்.

முதல் படி: எந்தக் காவல் நிலையம்?

புறநகரில் தேடுவோர் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். தாம்பரம் காவல் ஆணையரகம், ஆவடி ஆணையரகத்தோடு சேர்த்து, 2022 ஜனவரியில் செயல்படத் தொடங்கியது. அதன் எல்லையும் மாநகராட்சி எல்லையும் ஒன்றல்ல. வருவாய் மாவட்ட எல்லையோடும் அது பொருந்துவதில்லை. பள்ளிக்கரணையில் குடியிருப்பவர் வீட்டுவரியைப் பெருநகர சென்னை மாநகராட்சிக்குக் கட்டுகிறார். ஆனால் அங்குள்ள காவல் நிலையம் தாம்பரம் ஆணையரகத்தைச் சேர்ந்தது. தாம்பரமோ செங்கல்பட்டு வருவாய் மாவட்டத்துக்குள் இருக்கிறது. ஆகவே முகவரியில் உள்ள ஊர்ப் பெயரை நம்பாமல், சம்பவம் நடந்த இடம் எந்தக் காவல் நிலையத்தின் சரகத்துக்குள் வருகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கைதானவரின் வீடு சேலையூரில் இருந்தாலும், சம்பவம் கூடுவாஞ்சேரியில் நடந்திருந்தால் வழக்கும் பொதுவாகக் கூடுவாஞ்சேரியில்தான் பதிவாகியிருக்கும்.

இரண்டாம் படி: நிலையத்தில் நேரில் கேட்பது

கைது நடந்து ஒரு நாள்கூட ஆகாத நிலையில் இணையத்தில் எதுவும் கிடைக்காமல் போகலாம். நேரில் போவதே மேல். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37ஆவது பிரிவு, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒரு அலுவலரைப் பொறுப்பாக்கி, கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி காட்சிப்படுத்தச் சொல்கிறது. எனவே "பட்டியலைப் பார்க்கலாமா?" என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. தவிர, 48ஆவது பிரிவின்படி கைது பற்றியும், அவர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பது பற்றியும் உறவினருக்கோ நண்பருக்கோ காவல்துறை உடனே தெரிவித்தாக வேண்டும்.

என் உறவினர் ஒருவர் இப்படிப் போய் நின்றபோது, அந்த நிலையத்துப் பலகையில் மூன்று வாரத்துக்கு முந்தைய பெயர்களே இருந்தன. அவர் சத்தம் போடவில்லை. நிலையத்தின் எழுத்து வேலைகளைக் கவனிக்கும் காவலரான ரைட்டரிடம் போய், "ஐயா, குற்ற எண்ணும் எந்தக் கோர்ட்டில் ஆஜர்படுத்துகிறீர்கள் என்பதும் மட்டும் சொல்லுங்கள், போதும்" என்று கேட்டார். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். நிலையத்தின் அன்றாடம் ரைட்டரின் மேசையில்தான் இருக்கிறது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

கேட்கும்போது ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஆர். எண் என்பது புகார் பெறப்பட்டதற்கான ரசீது எண் மட்டுமே. '123/2025' என்பதுபோல ஆண்டோடு சேர்த்து எழுதப்படும் குற்ற எண்தான் முதல் தகவல் அறிக்கைக்கு உரியது. சி.எஸ்.ஆர். எண்ணை வைத்துக்கொண்டு நீதிமன்றத் தளத்தில் தேடினால் நேரம்தான் போகும்.

மூன்றாம் படி: முதல் தகவல் அறிக்கையைப் பார்ப்பது

முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது; இணைய வசதி சரியில்லாத இடங்களுக்கு 72 மணி நேரம் வரை விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்துக்குச் சென்று, முதல் தகவல் அறிக்கையைப் பார்க்கும் பகுதியைத் திறந்து, மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, குற்ற எண் ஆகியவற்றைக் கொடுங்கள். மாவட்டம் என்ற இடத்தில் செங்கல்பட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நிலையத்தின் பெயரைக் காணோமே என்று திகைப்பவர்கள் உண்டு. அங்கே மாவட்டம் என்றால் காவல் மாவட்டம், ஆகவே தாம்பரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அறிக்கை திறந்ததும் நேராக 7ஆவது கட்டத்துக்குப் போங்கள்; குற்றம் சாட்டப்பட்டவர் பற்றிய விவரம் அங்கேதான் இருக்கும். திருட்டு வழக்குகளில் பெரும்பாலும் 'பெயர் தெரியாத நபர்' என்றுதான் எழுதியிருக்கும், ஏனெனில் புகார் கொடுத்த நேரத்தில் யார் செய்தது என்று தெரியாது. பின்னர் ஒருவரைக் கைது செய்தாலும் அந்தக் கட்டம் மாறாது. அதேபோல, அதில் பெயர் இருப்பதால் மட்டும் அவர் கைதாகிவிட்டார் என்றும் ஆகாது. 2ஆவது கட்டத்தில் உள்ள சட்டப் பிரிவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) என்றிருந்தால் அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379, அதாவது திருட்டு.

பாலியல் குற்றங்கள், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகள், பயங்கரவாத வழக்குகள் ஆகியவற்றின் அறிக்கைகள் தளத்தில் ஏற்றப்படுவதில்லை. 18 வயது நிறையாதவர்களின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடுக்கிறது. இத்தகைய வழக்கு என்று தெரிந்தால் அங்கேயே தேடலை நிறுத்திவிடுவதுதான் முறை.

நான்காம் படி: நீதிமன்றப் பதிவு

கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன்னிலையில் ஆஜர்படுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆவது உறுப்பு தரும் பாதுகாப்பு. நடுவர் காவலில் வைக்க உத்தரவிட்டு ரிமாண்ட் ஆனதும் ஆண்கள் பலரும் புழலுக்கு அனுப்பப்படுகிறார்கள். அங்குள்ள இரண்டாவது மத்தியச் சிறை விசாரணைக் கைதிகளுக்கானது.

நீதிமன்ற வழக்குகளின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் சேவைத் தளத்தில் வழக்கு நிலையைப் பார்க்கும் பகுதிக்குச் சென்று, தமிழ்நாடு, மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, முதல் தகவல் அறிக்கை எண் வழியாகத் தேடுங்கள். இங்கே மாவட்டம் என்பது நீதித்துறை மாவட்டம். தாம்பரம் நடுவர் நீதிமன்றத்துக்குச் செங்கல்பட்டைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். காவல் தளத்தில் தாம்பரம், நீதிமன்றத் தளத்தில் செங்கல்பட்டு என்ற இந்த ஒரு வரியை எழுதி ஒட்டி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கைதான சில நாட்களுக்குள் தேடினால் வழக்கே இல்லை என்று வரக்கூடும். குற்றப்பத்திரிகை தாக்கலாகி நீதிமன்றம் கோப்பில் எடுத்த பின்னரே வழக்குக்கு எண் கிடைக்கும். அதற்குக் குற்றத்தைப் பொறுத்து இரண்டு, மூன்று மாதங்கள், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகலாம். ஆனால் அதற்கு முன்பே ஜாமீன் மனு போடப்பட்டிருந்தால் அது தனியாகப் பதிவாகியிருக்கலாம் என்பதால், செங்கல்பட்டு மாவட்ட முதன்மை நீதிமன்றத்திலும் அதே குற்ற எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

குற்ற எண் இல்லாதவர்கள் பெயரைக் கொண்டும் தேடலாம். முருகேசன் என்ற பெயரை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுவார்கள் என்பதால், முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் கொடுப்பது நல்லது. வருகிற முருகேசன்களில் நம்முடையவர் யார் என்பதைத் தந்தை பெயர், வயது, முகவரி மூன்றையும் ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். வாடகைக்கு வருபவரையோ, பெண் கேட்டு வரும் வரனையோ இவ்வாறு தேடுவோர் பெயர் ஒற்றுமையை மட்டும் நம்பிவிட்டால் ஒரு அப்பாவியின் வாழ்க்கையில் விளையாடியதாகிவிடும்.

எதுவும் கிடைக்காதபோது

ஆணையரகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்ட மனு அனுப்பலாம். வழக்கமான கெடு 30 நாட்கள். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் பற்றிய தகவல் என்றால் 48 மணி நேரம். மனுவின் தலைப்பிலேயே 7(1) பிரிவின்படி 48 மணி நேரத்துக்குள் பதில் தேவை என்று எழுதிவிடுங்கள். அழைத்துச் செல்லப்பட்டவர் எங்கே என்பதே தெரியவில்லை, 24 மணி நேரமும் கடந்துவிட்டது என்றால் இந்தத் தளங்களில் நேரத்தைக் கரைக்காமல் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழையுங்கள். அவரை நேரில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வேண்டிய கட்டமா என்பதை வழக்கறிஞர் சொல்வார்.

பழைய கைதுகளைப் பார்ப்பவர்கள், வழக்கு முடிந்தது என்று தளம் காட்டும் இடத்தோடு நின்றுவிடாமல், முடிவின் தன்மை என்ற வரியையும் படிக்க வேண்டும். தண்டிக்கப்பட்டாரா, விடுதலையானாரா, சமரசமாயிற்றா என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. தீர்ப்பு ஏற்றப்பட்டிருந்தால் அதன் கீழேயே தரவிறக்கிக்கொள்ளலாம்.